தடுக்கி விழுந்தால் எஸ்போசிதோ

போன இதழில் இத்தாலியக் கால்பந்தைப் பற்றிப் பதில் சொல்லும்போது, போகிற போக்கில் 'எஸ்போசிதோ' என்ற பெயர் அந்த ஊரில் அதிகம் என்று எழுதிவிட்டேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பந்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் அந்தப் பெயரின் பூர்வீகம்தான் வேண்டியிருக்கிறது. ஆகவே இந்த இதழ் முழுக்க அதுவே. கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். பெயரைப் போட்டால் அடுத்த இதழில் அதற்கும் பூர்வீகம் கேட்பீர்கள். நம் ஊரில் அது நல்லதுக்கில்லை.

கே: எஸ்போசிதோ என்பது இத்தாலியில் அவ்வளவு சாதாரணப் பெயரா? (கும்பகோணம்)

ப: நேப்பிள்ஸ் நகரில் தடுக்கி விழுந்தால் ஒரு எஸ்போசிதோ மேல்தான் விழ வேண்டும். தூக்கிவிடுகிறவரும் எஸ்போசிதோவாக இருக்க வாய்ப்புண்டு. நேப்பிள்ஸிலும் அதைத் தலைநகராகக் கொண்ட கம்பானியா மாநிலத்திலும் முதலிடம் இந்தப் பெயருக்குத்தான். நாடு முழுக்கக் கணக்கெடுத்தால் ரோஸ்ஸி, ருஸ்ஸோ, ஃபெர்ராரி ஆகியவற்றை அடுத்து வந்து நிற்கிறது. இத்தாலியில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பப் பெயர்கள் புழங்குகின்றன என்பதை மனதில் வைத்துக்கொண்டு இந்த இடத்தைப் பாருங்கள்.

கே: என்ன அர்த்தம்? (திண்டுக்கல்)

ப: வெளியே வைக்கப்பட்டவன். லத்தீனில் 'எக்ஸ்போசிதுஸ்'. யார் வைத்தார்கள், எங்கே வைத்தார்கள் என்பதை அடுத்த கேள்விக்காரர் கேட்டிருக்கிறார்.

கே: பெயர் வந்த கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள். அவசரப்பட்டு முடித்துவிடாதீர்கள். (திருநெல்வேலி)

ப: அவசரப்படவில்லை. நேப்பிள்ஸின் பழைய நகரத்தில் ஃபொர்செல்லா என்று ஒரு நெருக்கடியான பேட்டை. அங்கே அன்னுன்சியாதா மாதா கோயிலும், அதை ஒட்டி ஓர் ஆஸ்பத்திரியும் அனாதை இல்லமும் 14ஆம் நூற்றாண்டிலிருந்து இருந்து வருகின்றன. இல்லத்தின் வெளிச்சுவரில் ஒரு பொந்து. பொந்துக்குள் மரத்தாலான உருளை, ஒரு பக்கம் மட்டும் திறப்பு. தெருவில் நிற்பவர் குழந்தையை அதில் வைத்துச் சுழற்றினால் திறப்பு உள்பக்கம் போய்விடும். மணியை அடித்துவிட்டு இருட்டில் நடந்துவிடலாம். வைத்தவர் முகம் எடுப்பவருக்குத் தெரியாது, எடுப்பவர் முகம் வைத்தவருக்குத் தெரியாது. இத்தாலியில் இதற்கு 'ரூவோதா', அதாவது சக்கரம் என்று பெயர். பொந்தின் அளவுக்கு மீறி வளர்ந்துவிட்ட பிள்ளைகளையும் எண்ணெய் தடவித் திணித்தார்கள் என்பது ஊர்ப்பேச்சு.

உள்ளே இரவும் பகலும் ஒரு பெண் காவலிருப்பாள். சக்கரத்துக்குப் பொறுப்பானவள் என்பதால் 'ரொதாரா'. மணி அடித்ததும் அவள் குழந்தையை எடுப்பாள். பேரேட்டில் பதிவாகும்: என்ன தேதி, எத்தனை மணி, உத்தேச வயது என்ன, சுற்றியிருந்த துணி எப்படிப்பட்டது, உடம்பில் மச்சமோ தழும்போ உண்டா, கூடவே ஏதாவது சீட்டு வந்ததா. கழுத்தில் மாதா உருவம் பதித்த ஈய வில்லை ஒன்று ஏறும். ஞானஸ்நானத்தில் ஒரு பெயர் கிடைக்கும். அதற்கு அடுத்த இடத்தில் குடும்பப் பெயர் எழுத வேண்டுமே? குடும்பம் தெரியாது. அந்த இடத்தில் 'எஸ்போசிதோ' என்று எழுதினார்கள். அந்தப் பெயரோடு பேரேட்டில் ஏறிய முதல் குழந்தை என்று நேப்பிள்ஸ்காரர்கள் சுட்டிக்காட்டுவது 1623 புத்தாண்டு நாளில் பதிவான ஃபப்ரீத்சியோ என்ற பிள்ளையை.

ஆக, இது ஒரு வீரரின் பெயரோ, ஊரின் பெயரோ, தொழிலின் பெயரோ இல்லை. ஒரு குமாஸ்தா நிரப்பிய கட்டம். ஆண்டுக்குப் பல நூறு குழந்தைகள் வந்த இடத்தில், ஒருவருக்கொருவர் எந்தச் சொந்தமும் இல்லாதவர்களுக்கெல்லாம் ஒரே பெயர், சுமார் இரண்டு நூற்றாண்டு காலம். பெயர் பரவாமல் என்ன செய்யும்?

கே: பெற்ற பிள்ளையைச் சுவரில் வைத்துவிட்டுப் போன அந்தத் தாய்மார்கள் எல்லாரும் கல்நெஞ்சக்காரிகளா? (மதுரை)

ப: நீங்கள் கேட்ட தொனியிலேயே அந்தக் காலத்து ஊர்க்காரர்களும் கேட்டிருப்பார்கள். அதற்குப் பயந்துதான் பலர் இருட்டில் வந்தார்கள். திருமணமாகாமல் பெற்றவள் பிள்ளையைத் தானே வளர்ப்பது குடும்பத்துக்கு மானக்கேடு என்று சமூகம் சொன்னது. பாதிரியார், மருத்துவச்சி, பெற்றோர் என்று எல்லாரும் சேர்ந்து அவளைச் சக்கரத்தை நோக்கித் தள்ளினார்கள். தகப்பன்? அவனை யாரும் எங்கேயும் தள்ளவில்லை.

முறையாகத் திருமணமான ஏழைத் தம்பதிகளும் வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டு மிலானில் சக்கரத்தில் வந்த குழந்தைகளில் கணிசமானோர் அப்படிப்பட்டவர்கள்தான். ஆலை வேலைக்குப் போகும் தாய்க்குப் பாலூட்ட நேரமில்லை. இல்லத்தில் வைத்தால் இல்லமே காசு கொடுத்துக் கிராமத்துச் செவிலித்தாயிடம் வளர்க்கும். ஒன்றிரண்டு வருடத்தில் போய் மீட்டுக்கொள்ளலாம் என்பது கணக்கு. அந்தக் கணக்கு பல நேரம் தப்பியது, ஏனென்றால் குழந்தை அதுவரை உயிரோடு இருக்க வேண்டும். நெரிசல், நோய், பால் பற்றாக்குறை எல்லாம் சேர்ந்து பெரும்பாலான பிள்ளைகளை முதல் வருடத்திலேயே கொண்டுபோயின.

கல்நெஞ்சைப் பற்றிக் கேட்டீர்கள். ஃபிளாரன்ஸ் நகரில் இதே போன்ற பழைய இல்லத்தின் ஒரு பகுதி இன்று அருங்காட்சியகம். அங்கே சின்னச் சின்ன இழுப்பறைகளில் பாதியாக வெட்டிய நாணயம், பாதி மெடல், உடைத்த சிலுவை, மணி கோத்த கயிறு என்று வைத்திருக்கிறார்கள். பிள்ளையோடு ஒரு பாதி உள்ளே போகும், மறு பாதி தாயிடம் இருக்கும். என்றாவது வந்தால் இரண்டையும் ஒட்டிப் பார்த்து, இது என் பிள்ளை என்று சொல்ல. அங்கே இருப்பவை மறு பாதி வந்து சேராதவை. இழுப்பறை ஒவ்வொன்றையும் நீங்களே இழுத்துப் பார்க்கலாம். பார்த்துவிட்டு எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.

கே: கர்ணன் ஒரு எஸ்போசிதோதானே? (ஈரோடு)

ப: ஆற்றில் விட்டவள் கணக்கில் ஆமாம். ஆனால் அவனுக்கு வளர்த்தவள் பெயரால் ராதேயன் என்ற பெயர் கிடைத்தது. நேப்பிள்ஸ் பிள்ளைக்குக் கிடைத்தது ஆபீஸ் பெயர். அடையாளப் பொருளிலும் கர்ணனுக்கு அதிர்ஷ்டம், கவச குண்டலம். இவர்களுக்குப் பாதி நாணயம்.

கே: இத்தாலி முழுக்க அனாதைக் குழந்தைகளுக்கு இதே பெயர்தானா? (தஞ்சாவூர்)

ப: இல்லை. ஒவ்வோர் ஊரிலும் இல்லம் தன் முத்திரையைக் குத்தியது. ஃபிளாரன்ஸில் பட்டு வணிகர் சங்கம் நடத்திய இல்லத்துக்கு 'இன்னொசெந்தி', மாசற்றவர்கள் என்று பெயர். கட்டியவர் பெரிய ஆள், புருனெல்லெஸ்கி. 1419இல் வேலை தொடங்கி 1445இல் முதல் குழந்தையை ஏற்றது. அங்கே வளர்ந்தவர்கள் இன்னொசெந்தி, தெலி இன்னொசெந்தி ஆனார்கள். மிலான் பெரியாஸ்பத்திரியின் சின்னம் புறா, ஆகவே அங்கே வந்தவர்கள் புறா என்று பொருள்படும் கொலம்போ. சியெனாவில் சாந்தா மரியா தெல்லா ஸ்காலா ஆஸ்பத்திரி, ஆகவே தெல்லா ஸ்காலா. போலோன்யா பக்கம் தெலி எஸ்போஸ்தி. சிசிலியில் த்ரொவாதோ, கண்டெடுத்தவன். ரோமில் சொல் இன்னும் முரடு: ப்ரொயெத்தி, எறியப்பட்டவர்கள்.

அந்த ப்ரொயெத்தி பெயரோடுதான் ரோமாபுரியின் செல்ல நடிகர் ஜிஜி ப்ரொயெத்தி இருந்தார். 1940 நவம்பர் 2இல் பிறந்து, 2020 நவம்பர் 2இல், தன் 80ஆவது பிறந்த நாளில் காலமானார். நாடகக்காரர், போகிற நேரத்தையும் சரியாகப் பார்த்துக்கொண்டார் என்று ஊரே சொல்லிச் சொல்லி மாய்ந்தது.

இன்னொசெந்தி உங்களுக்கும் தெரிந்தவர்தான். உங்கள் தாத்தா லாம்பரட்டா ஸ்கூட்டர் வைத்திருந்தாரா? அதைச் செய்த மிலான் கம்பெனி ஃபெர்தினாந்தோ இன்னொசெந்தியுடையது. பிறகு அந்த வண்டியின் அச்சு வார்ப்புகளை நம் அரசு வாங்கி, லக்னோவில் விஜய் சூப்பர் என்று ஓட்டியது. இன்னொசெந்தி ஃபிளாரன்ஸ் இருக்கும் தஸ்கனி மாநிலத்தில் பிறந்தவர். ஆனால் அதை வைத்து அவர் பரம்பரையைச் சுவர்ப்பொந்துக்குள் கொண்டுபோய்விடாதீர்கள். பெயர் கிளம்பிய இடம் வேறு, அதைச் சுமக்கும் ஒரு தனிமனிதரின் வம்சம் வேறு. கொலம்போக்களிலும் புறா வளர்த்தவன், புறா மாதிரி சாதுவானவன் என்று வேறு வழியில் பெயர் பெற்றவர்கள் நிறைய.

கே: கொலம்போ என்றால் எங்கள் கொழும்பா? (யாழ்ப்பாணம்)

ப: சம்பந்தமே இல்லை. போர்த்துகீசியர் வருவதற்கு முன்பே, 14ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் வந்த இபுன் பதூதா 'கலன்பு' என்று எழுதிவைத்திருக்கிறார். பின்னால் ஐரோப்பியர் வாயில் நுழைந்து கொலம்போ ஆனது. புறா, மிலான் எதுவும் இதில் கிடையாது.

கே: அப்படியானால் கொலம்பஸும் அனாதைப் பிள்ளையா? (கோயம்புத்தூர்)

ப: இத்தாலியில் அவர் பெயர் கிறிஸ்தோஃபொரோ கொலம்போதான். ஆனால் அப்பா யாரென்று ஊருக்கே தெரியும். ஜெனோவாவில் கம்பளி நெய்த தொமெனிகோ கொலம்போ. கோவைக்காரர் என்பதால் நெசவாளி மகன் என்று கேட்டதும் மகிழ்வீர்கள். அவர் போய்த் தொலைந்து கண்டுபிடித்த கதை தனி.

கே: 'டெஸ்பாசிட்டோ' பாட்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? (கல்லூரி விடுதி, திருச்சி)

ப: அது ஸ்பானிஷ், 'மெதுவாக' என்று பொருள். பரீட்சைக்கு வேகமாகப் படியுங்கள்.

கே: எஸ்போசிட்டோவா, எஸ்போசிதோவா? நீங்கள் ஏன் 'தோ' போடுகிறீர்கள்? (பாளையங்கோட்டை)

ப: இத்தாலியரின் 't' நாக்கைப் பல்லில் தொட்டுச் சொல்வது, நம் 'த'வேதான். தமிழில் எழுத வசதியான ஐரோப்பிய மொழி அது. அழுத்தம் 'போ'வில் விழ வேண்டும். அமெரிக்கர்கள் 'சீ'யை இழுத்து எஸ்பொசீட்டோ என்பார்கள். அங்கே மூன்று தலைமுறையாக வாழும் எஸ்போசிதோக்களும் இப்போது அப்படியே சொல்லிப் பழகிவிட்டார்கள்.

கே: இந்தப் பெயர் வைக்கும் வழக்கம் எப்போது நின்றது? யார் நிறுத்தியது? (புதுச்சேரி)

ப: உங்கள் பழைய எஜமானர்களின் ஆள்தான். நெப்போலியனின் தங்கை கணவர் ஜொவாகிம் முரா 1808இலிருந்து 1815வரை நேப்பிள்ஸ் அரசர். அவர் ஆட்சியில், 1814இல், கண்டெடுத்த குழந்தைகளுக்கு எஸ்போசிதோ என்று பெயர் வைப்பது தடை செய்யப்பட்டது. காரணம் நியாயமானது: பெயரைச் சொன்னவுடன் பிறப்பு தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு அதிகாரிகள் கற்பனையை ஓடவிட வேண்டியதாயிற்று. மாதம், பூ, புனிதர், பருவநிலை என்று கையில் கிடைத்ததையெல்லாம் பெயராக்கினார்கள். சில ஊர்களில் அகர வரிசை போட்டுக்கொண்டார்கள். மிலானும் 19ஆம் நூற்றாண்டின் முதல் கால் பகுதியோடு கொலம்போவை விட்டது.

ஆனால் தடை புதிய குழந்தைகளுக்குத்தான். ஏற்கெனவே எஸ்போசிதோ ஆனவர்கள் கல்யாணம் செய்துகொண்டு பிள்ளை பெற்று, பெயரை முறையாகப் பரம்பரைச் சொத்தாக்கிவிட்டார்கள். சக்கரமும் உடனே நிற்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இத்தாலியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களில் சுழன்றுகொண்டிருந்தது. ஃபெர்ராரா நகரம் முதலில் 1867இல் மூடியது, மறு வருடம் மிலான், 1875இல் நேப்பிள்ஸ். நேப்பிள்ஸில் சக்கரத்தை மூடிய பிறகும் குழந்தைகள் வந்தன, ஆஸ்பத்திரிப் படிக்கட்டுக்கு. நாடு முழுக்க ஒழித்துக்கட்டிய சட்டம் 1923இல்தான்.

கே: நமக்கு இனிஷியல் மாதிரி அவர்களுக்கு அப்பா பெயர் கேட்கும் தொல்லை இல்லையா? (விழுப்புரம்)

ப: இருந்தது, நம்மைவிட மோசமாக. 1955வரை இத்தாலியில் சான்றிதழ்களிலும் அடையாள அட்டையிலும் 'இன்னாருடைய மகன்' என்று தகப்பன் பெயரை எழுத வேண்டும். தகப்பன் தெரியாவிட்டால் அந்த இடத்தில் 'என்.என்.' என்று இரண்டு எழுத்து. பெயர் தெரியாது என்பதற்கான லத்தீன் சுருக்கம். பள்ளிக்கூடத்தில், பட்டாளத்தில், வேலைக்குப் போன இடத்தில் எல்லாம் அந்த இரண்டு எழுத்தைக் காட்ட வேண்டும். அது தெருவில் வசவுச் சொல்லாகவே ஆகிப்போனது. 1955 அக்டோபரில் வந்த சட்டம் அந்தக் கட்டத்தையே நீக்கியது.

நாம் இன்னும் கவுண்டரில் நின்றுகொண்டு "அப்பா பேரு என்னம்மா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். தாய் பெயரை இனிஷியலாக எழுதும் பிள்ளையைப் பார்த்து இன்னொரு கேள்வி கேட்கிற கிளார்க்குகள் நம்மிடம் இருக்கத்தான் செய்கிறார்கள்.

கே: பெயரே 'வீசிவிட்டுப் போன பிள்ளை' என்று சொல்கிறது. மாற்றிக்கொள்ளச் சட்டம் இல்லையா? (சென்னை, மயிலாப்பூர்)

ப: இருக்கிறது. கேலிக்குரியது, வெட்கப்படும்படியானது, பிறப்பின் மூலத்தைக் காட்டிக்கொடுப்பது என்ற மூன்று காரணங்களையும் சட்டமே பெயர் சொல்லி வைத்திருக்கிறது. மாவட்ட ஆட்சியரைப் போன்ற 'ப்ரெஃபெத்தோ'விடம் மனுப் போட்டால் போதும். மூன்றாவது காரணம் இவர்களுக்காகவே எழுதியது மாதிரி இருக்கும். நேப்பிள்ஸ் எஸ்போசிதோக்கள் வரிசை கட்டி மனுப் போட்டார்களா? போடவில்லை. அந்தப் பெயர் நேப்பிள்ஸில் முதலிடத்தில் இருப்பதே அதற்குச் சாட்சி. அன்னுன்சியாதா பிள்ளைகளை அந்த ஊர் 'மாதாவின் பிள்ளைகள்' என்று அழைத்தது. மாதாவே தாய் என்றான பிறகு யாரிடம் போய் என்ன மனுக் கொடுப்பது?

கே: ரோஸ்ஸி, ருஸ்ஸோ, ஃபெர்ராரி எல்லாம் எப்படி முன்னால் நிற்கின்றன? (விருதுநகர்)

ப: ரோஸ்ஸி சிவப்பு, அதாவது செம்பட்டைத் தலை அல்லது சிவந்த முகம். ருஸ்ஸோ அதன் தெற்கத்தி வடிவம். ஒவ்வோர் ஊரிலும் ஒரு செம்பட்டைத் தலையன் இருந்திருப்பான், அதனால் ஆயிரம் இடத்தில் தனித்தனியாக முளைத்த பெயர். ஃபெர்ராரி கொல்லன். கார் வாங்க முடியாவிட்டாலும் கொல்லுப்பட்டறைப் பெயர் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். வடமேற்கே பியெமொந்தேயில் அதே கொல்லன் ஃபெர்ரேரோ ஆகிறான். உங்கள் பிள்ளைகள் டப்பாவோடு நக்கும் நூட்டெல்லா அவன் வீட்டுச் சரக்கு.

பொதுவாக வடக்கும் மத்தியும் 'இ'யில் முடியும், தெற்கு 'ஓ'வில் முடியும், வெனிஸ் பக்கம் பெனெத்தோன் மாதிரி மெய்யெழுத்தில் நிற்கும். முன்பெல்லாம் இதை வைத்தே ஆளின் ஊரைச் சொல்லிவிடலாம். போருக்குப் பிறகு தெற்கத்தியர் வேலை தேடி வடக்கே ஃபியட் ஆலைக்கு ரயிலேறினார்கள். விளைவு, அந்த ஆலை இருக்கும் தூரின் நகரத்தில் ஃபெர்ரேரோவைத் தள்ளிவிட்டு ருஸ்ஸோ முதலிடம். மிலானில் இன்னும் வேடிக்கை. அங்கே முன்வரிசைப் பெயர்களில் ஒன்று 'ஹூ'. சீனாவின் ஜெஜியாங் மாகாணத்திலிருந்து வந்தவர்கள். சீனர்களிடம் குடும்பப் பெயர்கள் குறைவு, ஆட்கள் அதிகம். கொலம்போக்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கே: பிரபலமான எஸ்போசிதோக்கள் யார் யார்? (நாகர்கோவில்)

ப: 'பிரேக்கிங் பேட்' தொடரில் கோழி வறுவல் கடை வைத்துக்கொண்டு சத்தம் போடாமல் மிரட்டுவாரே, ஜான்கார்லோ எஸ்போசிதோ. அப்பா நேப்பிள்ஸ்காரர், அம்மா ஆப்ரிக்க அமெரிக்க ஓபெரா பாடகி, பிறந்தது கோபன்ஹேகனில். பனி ஹாக்கி ஆடிய கனடாக்கார அண்ணன் தம்பி ஃபில், டோனி. அண்ணன் கோல் போடுவார், தம்பி கோல் தடுப்பார், வெவ்வேறு அணியில். தத்துவத்தில் ரொபெர்தோ எஸ்போசிதோ. 'கொமொர்ரா' தொடரின் நாயகன் சால்வதோரே எஸ்போசிதோ. கால்பந்தில் இன்னொரு சால்வதோரே எஸ்போசிதோ, அவருடைய தம்பிகள் செபஸ்தியானோ, பியோ. மூவரும் நேப்பிள்ஸ் வளைகுடாக் கரையிலுள்ள காஸ்தெல்லம்மாரே தி ஸ்தாபியாக்காரர்கள். போன இதழில் ஆரம்பித்த வம்பு இவர்களால்தான்.

கே: மார்கெரீத்தா பீட்சாவைக் கண்டுபிடித்ததும் ஒரு எஸ்போசிதோவாமே? (வேளச்சேரி)

ப: ரஃபாயேலே எஸ்போசிதோ. 1889இல் நேப்பிள்ஸ் வந்த மார்கெரீத்தா அரசிக்காகத் தக்காளிச் சிவப்பு, மொத்ஸரெல்லா வெள்ளை, துளசி இனத்து பசீலிகோப் பச்சை என்று கொடி நிறத்தில் சுட்டுக் கொடுத்தார் என்பது கதை. பிராந்தி என்ற கடையின் சுவரில் நூற்றாண்டு நினைவுக் கல்வெட்டே இருக்கிறது. ஆனால் அந்த மூன்றையும் போட்டு பீட்சா சுடுவது நேப்பிள்ஸில் அதற்குப் பல வருடம் முன்பே எழுத்தில் பதிவானது. வரலாற்றாளர்கள் இந்தக் கதையைச் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கிறார்கள். பீட்சாவுக்குக் குடும்பப் பெயர் தேடுவது வீண் வேலை. அதுவும் யாரோ பெற்று நேப்பிள்ஸ் தெருவில் விட்டதுதான்.

கே: பலெர்மோவில் இருபது வருடமாக இருக்கிறோம். அலுவலகங்களில் என் அப்பாவின் பெயர்தான் என் குடும்பப் பெயர். யாராவது 'சிஞ்ஞோர் கந்தசாமி' என்று கூப்பிட்டால் செத்துப்போன அப்பா பின்னால் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்க்கிறேன். என்ன செய்ய? (பலெர்மோ, சிசிலி)

ப: திரும்பிப் பாருங்கள், தப்பில்லை. இத்தாலிய ஆபீஸுக்குக் 'கொன்யோமே' என்ற கட்டம் காலியாக இருந்தால் கை நடுங்கும். 1973இல் கொண்டுவந்த 'கோதிசே ஃபிஸ்காலே', நம் பான் எண் மாதிரியான 16 எழுத்துக் குறியீடு, குடும்பப் பெயரின் முதல் மூன்று மெய்யெழுத்துகளோடுதான் ஆரம்பிக்கிறது. எஸ்போசிதோவுக்கு எஸ்.பி.எஸ். உங்கள் கந்தசாமிக்கு கே.என்.டி. ரோஸ்ஸிக்கு வருவது ஆர்.எஸ்.எஸ்., அதில் அரசியல் ஒன்றுமில்லை. அடுத்து உங்கள் பெயர், பிறந்த வருடம், மாதம், தேதி. பெண்ணாக இருந்தால் தேதியோடு நாற்பதைக் கூட்டிக்கொள்வார்கள், அதாவது ஐந்தாம் தேதி பிறந்தவளுக்கு 45.

நானூறு வருடம் முன்னால் ஒரு கட்டத்தை நிரப்ப எஸ்போசிதோ என்று எழுதினார்கள். இன்று அதே மாதிரிக் கட்டத்தில் உங்கள் அப்பா உட்கார்ந்திருக்கிறார். இன்னும் மூன்று தலைமுறையில் சிசிலியில் கந்தசாமி என்ற குடும்பப் பெயரின் பூர்வீகம் கேட்டு யாராவது எழுதுவார்கள். சாந்தா ரொசாலியா கோயில் மலைக்கு அடுத்த முறை ஏறும்போது எனக்கும் ஒரு மெழுகுவத்தி ஏற்றுங்கள். அந்த மலையில் தமிழ்க் கூட்டம் குறைவதில்லை என்று அறிவேன்.

கே: கல்யாணமானால் இத்தாலியப் பெண்ணின் பெயர் மாறிவிடுமா? (கரூர்)

ப: பிறந்த வீட்டுப் பெயர் போவதில்லை. 1975 குடும்பச் சட்டப்படி கணவன் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொள்கிறாள், ஆவணங்களில் பெரும்பாலும் சொந்தப் பெயர்தான். பிள்ளைக்குத் தானாகவே அப்பா பெயர் மட்டும் போய்ச் சேர்ந்ததை அரசியல் சாசன நீதிமன்றம் 2022இல் செல்லாது என்றது. இப்போது இருவர் பெயரும், இருவரும் ஒத்துக்கொண்டால் யாராவது ஒருவர் பெயர் மட்டும். பெயர் வரிசையில் யார் முன்னால் என்ற சண்டைக்கு வக்கீல்கள் தயார்.

கே: நம் தொட்டில் குழந்தைத் திட்டமும் அந்தச் சக்கரமும் ஒன்றுதானே? (சேலம்)

ப: உங்கள் ஊரில்தான் 1992இல் ஆரம்பித்தது, பெண் சிசுக்கொலையைத் தடுக்க. வேர் ஒன்றுதான்: கொல்லாதே, இங்கே வை. ரோமில் போப் மூன்றாம் இன்னொசென்ட் சக்கரம் வைத்ததற்கும் டைபர் ஆற்றில் மீனவர் வலையில் குழந்தைகளின் உடல்கள் சிக்கியதுதான் காரணம் என்பார்கள். இத்தாலியில் இப்போதும் பல ஆஸ்பத்திரிகளில் 'வாழ்வுக்கான தொட்டில்' இருக்கிறது, வெப்பமூட்டிய பெட்டியும் மின்மணியும். தாய் தன் பெயரைச் சொல்லாமல் ஆஸ்பத்திரியிலேயே பெற்றுக்கொள்ளவும் சட்டம் இடம் கொடுக்கிறது. குழந்தைக்குப் பதிவாளர் பெயரும் குடும்பப் பெயரும் வைப்பார். ஒரே நிபந்தனை, பிறப்பின் கதையைக் காட்டிக்கொடுக்கும் பெயர் கூடாது. அதாவது எஸ்போசிதோ கூடாது.

கே: என் நண்பர் ஒருவர் எஸ்போசிதோ. இணையத்தில் அவருடைய வம்சத்தின் குலச்சின்னம் என்று கேடயம், சிங்கம் எல்லாம் போட்டு சட்டம் மாட்டி விற்கிறார்கள். பிறந்தநாள் பரிசாக வாங்கலாமா? (சிங்கப்பூர்)

ப: வாங்காதீர்கள். ஒருவருக்கொருவர் ரத்த உறவில்லாத ஆயிரமாயிரம் பிள்ளைகளுக்கு ஒரே பேரேட்டில் எழுதிய பெயருக்குப் பொதுவான குலமே கிடையாது, பிறகு சின்னம் எங்கிருந்து வரும்? போதாததற்கு, 1948 அரசியல் சாசனத்தில் பிரபுப் பட்டங்களையே இத்தாலி அங்கீகரிக்க மறுத்துவிட்டது. அந்தக் காசுக்கு நண்பரை நேப்பிள்ஸுக்கு ஒரு சீட்டுப் போட்டு அனுப்புங்கள். ஃபொர்செல்லாவில் அன்னுன்சியாதா வாசலுக்குப் பக்கத்தில் அந்தச் சக்கரத்தை இன்னும் வைத்திருக்கிறார்கள், போய்ப் பார்க்கலாம்.

அடுத்த இதழுக்கான கேள்விகளை அஞ்சலட்டையில் எழுதுங்கள், ஓர் அட்டைக்கு ஒரு கேள்வி. 'என் பெயரை வைத்து நான் எந்த ஆளுங்க என்று சொல்ல முடியுமா?' என்று நான்கு பேர் கேட்டிருந்தீர்கள். அந்த அட்டைகள் குப்பைக் கூடையில் இருக்கின்றன.